முச்சந்தியில் நின்ற புளி

சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ 1966-இல் நூலாக வந்தது. அதைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் மரம் எதன் குறியீடு என்ற கேள்வியும் கூடவே வந்துவிடும். மரபு என்பார்கள், இயற்கை என்பார்கள், சுதந்திரத்தை ஒட்டி உருமாறிய ஊர் என்பார்கள். எல்லாவற்றுக்கும் நாவலில் இடமிருக்கிறது. ஆனால் கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம், பங்குனி வெயிலில் புளி உலுக்குவதைப் பார்த்த பிறகு எனக்கு வேறொரு கேள்விதான் பெரிதாகப் பட்டது. அந்த மரம் யாருடையது?

மலையில் இதற்குப் பதில் உண்டு. கொல்லையோரத்துப் புளி இன்னார் வீட்டுப் புளி. ஆண்கள் கிளையேறி உலுக்குகிறார்கள். பெண்கள் பொறுக்கி, காயவைத்து, ஓடு தட்டி, நாரையும் கொட்டையையும் நீக்குகிறார்கள். கொட்டை எடுத்த புளிக்கு ஒரு விலை, எடுக்காததற்கு ஒரு விலை. 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த மலை இது. எது யாருக்குச் சொந்தம் என்பது இங்கே லேசான பேச்சில்லை. இம்மரம் எதைக் குறிக்கிறது என்று அந்த வீட்டுப் பெண்களிடம் கேட்க எனக்கு மனம் வராது. அது அவர்களுடைய கோடைக்கால வரும்படி.

நாவலின் மரமோ முன்பு குளமாக இருந்த இடத்தில், ஊர்ப் பொதுவில் நிற்கிறது. தனியொருவருக்குச் சொந்தமில்லாததால் எல்லோரும் அதன்மேல் கைவைக்கிறார்கள். தாமோதர ஆசான் அதைக் கதையாக்குகிறார். வியாபாரப் போட்டியும் பத்திரிகையும் நகரசபைத் தேர்தலும் அதனதன் தேவையை அதன்மேல் ஏற்றுகின்றன. மரத்தைக் காப்பதும் அழிப்பதும்கூடக் கட்சியாகிவிடுகிறது. மரம் செய்ததெல்லாம் நின்றதுதான். கடைசியில் நஞ்சு வைத்துக் கொல்கிறார்கள். இவ்வளவுக்கும் சுந்தர ராமசாமி மரத்தைப் பேசவைக்கவில்லை. அந்த அடக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன். மரம் வாய் திறந்திருந்தால் மனிதர்களின் ஆசை இத்தனை துலக்கமாகத் தெரிந்திருக்காது.

மலையிறங்கிக் கள்ளக்குறிச்சிக்கு வந்தால் சேலம்–உளுந்தூர்பேட்டை நாற்கரச் சாலை. தமிழ்நாட்டில் சாலையோரப் புளியின் காய்ப்பை அரசுத் துறையே ஏலம் விடும். ஏலம் எடுத்தவருக்கு அந்த வருஷத்துக் காய் மட்டும்தான் உரிமை. சாலையை அகலப்படுத்த அளவுக்கல் நடும் நாளில், அந்த மரம் என்னுடையது என்று முன்னால் வந்து நிற்க அங்கே ஒரு வீடும் இல்லை.