சலாஹ்வை அன்றே விற்றிருக்க வேண்டுமா?



லிவர்பூல் கழகம் மொஹமட் சலாஹ்வைத் தொடர்ந்து மூன்று போட்டிகளில் தொடக்க அணியில் சேர்க்காமல் பெஞ்சில் இருத்திய நாளிலிருந்து எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் இரண்டு கட்சி. "அன்றைக்கே சவூதிக்கு வித்திருக்கோணும்" என்கிறது ஒன்று. பத்தாம் தரப் பிள்ளைகளும் அதையேதான் சொல்கிறார்கள். போன மே மாதம் 11ஆம் இலக்க ஜேர்சியோடு டியூஷனுக்கு வந்த அதே பிள்ளைகள்!

நாங்கள் மற்றக் கட்சி. கோல் போட்டு ஸுஜூது செய்கிறவர் என்பதற்காக அல்ல, கணக்கைப் பார்த்துத்தான்.

2023இல் அல் இத்திஹாத் கேட்ட விலை 150 மில்லியன் பவுண் வரை என்று செய்தி வந்தது. 2017இல் ரோமாவிடமிருந்து ஏறக்குறைய 37 மில்லியனுக்கு வாங்கிய வீரர். அப்போது வயது 31. வியாபாரிக்கு இதைவிட என்ன வேண்டும்? முந்தைய வருடம் சாடியோ மானேயை 30 வயதில் பயர்ன் மியூனிக்குக் கொடுத்ததும் இந்தக் கணக்கில்தான். அவர் அங்கே ஒரே சீசனோடு சவூதிக்குப் போய்விட்டார். அந்த விற்பனையைப் பிழை என்று சொல்ல மாட்டோம். ஆனால் சலாஹ்வைக் கேட்டு வந்தது இங்கிலாந்தில் வீரர்களை வாங்கும் காலம் முடிகிற நேரத்தில். விதைப்பு நேரத்தில் டிராக்டரை விற்றால் கை நிறையக் காசு இருக்கும், வயல் சும்மா கிடக்கும்.

கொடுக்கவில்லை. 2024/25 பிரீமியர் லீக்கில் 29 கோல்கள், 18 கோல்களுக்கு உதவி. ஏப்ரல் 27இல் டொட்டன்ஹாமை 5-1 என வென்று லிவர்பூல் 20ஆவது தடவை சம்பியனானது.

எங்கள் கோபம் அதற்குப் பிறகு நடந்ததில். 33ஐ நெருங்கியவருக்கு அந்த ஏப்ரலில் இரண்டு வருட ஒப்பந்தம் கொடுத்தார்கள், சரி. விங்கில் ஓடுகிறவருக்கு முதலில் குறைவது வேகம். "இனி எல்லாப் போட்டியும் இல்லை, சிலவற்றில் பிற்பாதி மட்டும்" என்று கையெழுத்துக்கு முன்னமே முகம் பார்த்துப் பேசி முடித்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்குமா? லீட்ஸுடன் 3-3 ஆன போட்டியில் ஒரு நிமிடம்கூட இறக்கவில்லை. அவரும் ஊடகங்களுக்கு முன்னால், பயிற்றுவிப்பாளரோடு உறவே இல்லை என்று கொட்டிவிட்டார். அது அவருடைய பிழை. நம்ம ஆள் என்று மறைக்க மாட்டோம்.

எங்களுக்குத் தெரிந்த ஒரு சேர், பல வருடம் 16 வயதுக்குட்பட்ட அணியைப் பழக்கியவர். தன் பெயர் இல்லாததை அறிவித்தல் பலகையில்தான் பார்த்தார். கேட்டிருந்தால் தானே கொடுத்திருப்பார். அன்று அஸருக்குப் பிறகும் விசிலோடு மைதானத்துக்கு வந்து, ஓரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

விற்றிருக்க வேண்டும் என்பவர்கள் கீழே எழுதுங்கள். அந்த 29 கோலுக்கு யாரை வாங்கியிருப்பீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.