சுமை இறக்கும் கல்

சென்னையிலிருந்து வேலூருக்குப் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? காவேரிப்பாக்கம் பக்கம் வந்ததும் கண்டக்டர், "சுமைதாங்கியெல்லாம் எறங்கு!" என்று குரல் கொடுப்பார். முதல் தடவை கேட்டபோது, காலடியில் இரண்டு பையும் மடியில் ஒரு பையுமாக உட்கார்ந்திருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னைத்தான் சொல்கிறாரோ! அப்புறம்தான் தெரிந்தது, ஊரின் பெயரே அது என்று.

ஊருக்குப் பெயராகும் அளவுக்கு ஒரு காலத்தில் பெருமை பெற்றிருந்தது சுமைதாங்கிக் கல். கேரளத்தில் இதையே 'அத்தாணி' என்பார்கள். கொச்சி விமான நிலையத்துக்குப் பக்கத்தில் அந்தப் பெயரிலும் ஓர் ஊர் இருக்கிறது.

பார்ப்பதற்கு ஒன்றும் பிரமாதம் இல்லை. இரண்டு கல் தூண்கள், மேலே குறுக்காக ஒரு நீளக் கல், அவ்வளவுதான். ஆனால் அந்த உயரத்தில் இருக்கிறது சூட்சுமம்! ஏறக்குறையத் தோள் உயரம். தலைச்சுமையைத் தரையில் இறக்கினால், மறுபடி தூக்கிவிட இன்னொருவர் கை வேண்டும். ஆளரவமில்லாத வழியில் யாரைத் தேடுவது? கல் இருந்தால் கவலையில்லை. விறகுக்காரியோ தயிர்க்காரியோ, குனியாமலே சுமையைக் கல்மேல் நகர்த்தி வைத்து, முந்தானையால் முகத்தைத் துடைத்து, சும்மாட்டைச் சரிசெய்து, மறுபடி தலைக்கு வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். பக்கத்தில் ஒரு மரமும் கிணறோ குளமோ இருந்துவிட்டால் கேட்க வேண்டுமா!

இதையெல்லாம் நட்டது யார் என்கிறீர்கள்? பல இடங்களில், வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் வீட்டார்.

உறவுக்காரர் கிரகப்பிரவேசத்துக்காக வாலாஜாவுக்கு உள்ளே ஒரு கிராமத்துக்குப் போனபோது, ஏரிக்கரையில் அப்படி ஒரு கல்லைப் பார்த்தேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டிதான் சொன்னார்:

"அது புள்ளத்தாச்சிக்கு வச்சதும்மா. எங்க மாமியா சின்னப் பொண்ணா இருக்கச்சே நடந்தது. மூணு நாளா வலி. மருத்துவச்சி கைய விரிச்சுட்டா. வண்டி கட்டி டவுனுக்குக் கொண்டுபோறதுக்குள்ள வழியிலேயே போயிட்டா. அவ சுமைய அவ எறக்கல. வர்றவங்க போறவங்க எறக்கி வச்சா அவளுக்கு ஆறும்னு வச்சாங்க."

"அவங்க பேரு என்ன பாட்டி?"

"பேரா? மேட்டு வீட்டு மருமகள்னுதான் சொல்வாங்க. பேரை யாரு கேட்டாங்க!"

கர்ப்பிணிகளை உச்சி வேளையில் அந்தப் பக்கம் அனுப்ப மாட்டார்களாம். ஆவி பிடித்துக்கொள்ளும் என்று பயம். அதே வட ஆற்காட்டுப் பக்கத்தில், வீட்டில் கல்யாணம் என்றால், அந்தக் குடும்பத்தில் சுமங்கலியாகவோ கன்னியாகவோ போனவளைப் 'பூவாடைக்காரி' என்று அழைத்து, புதுப் புடவையும் பூவும் வைத்துப் படைத்துவிட்டுத்தான் மற்ற காரியம். போனவளிடம் பயமும் உண்டு, அவள் இல்லாமல் மனசும் ஆறுவதில்லை.

செங்கம் பக்கத்து நடுகற்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மாட்டு மந்தையை மீட்கப் போய் மாண்ட வீரன் கையில் ஆயுதத்தோடு நிற்பான்; பெயரும் வெட்டியிருப்பார்கள். பிரசவமும் ஒரு போர்க்களம்தானே? அதில் மாண்டவளுக்கு உருவம் கிடையாது. சில சுமைதாங்கிகளில் பெயரும் வருஷமும் உண்டு, பலவற்றில் வெறும் கல்தான். ஆனாலும் யாரோ ஒரு வழிப்போக்கரின் கழுத்து வலிக்கு உதவுகிற நினைவுச் சின்னம் வேறு எங்கே இருக்கிறது? எனக்கென்னவோ, வீரன் கல்லைவிட இதுதான் ஒரு படி உசத்தியாகப் படுகிறது.

ஆக்ராவுக்குப் போனால் தாஜ்மகாலின் முன்னே நின்று எல்லோரும் காதலைப் பற்றியே பேசுகிறோம். மும்தாஜ் 1631ல் பர்ஹான்பூரில் இறந்தது தன் 14வது பிரசவத்தில்! அப்போது வயது 38தான். பெற்றதில் பாதிப் பிள்ளைகள்தான் பிழைத்தன. அதுவும் பிரசவத்தில் போனவளுக்கு எழுப்பிய சின்னம்தான். கட்டியவர் பாதுஷா என்பதால் பளிங்கு.

'அதெல்லாம் அந்தக் காலம்' என்று தள்ளிவிட முடியாது, சகோதரிகளே! நம் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் குழந்தைகள் உயிரோடு பிறந்தால், 2001-03 கணக்குப்படி 134 தாய்மார்கள் இறந்தார்கள். 2018-20ல் அது 54 ஆகக் குறைந்தது. ஆஸ்பத்திரிப் பிரசவமும், 2008ல் வந்த 108 வண்டியும் சும்மா வரவில்லை. என்றாலும் அந்த 54 பேரும் யாரோ ஒரு வீட்டுப் பெண்கள்தானே. உதிரப்போக்கும் ரத்தக் கொதிப்பும் இன்றைக்கும் முக்கியமான எமன்கள். கர்ப்ப காலத்தில் விடாத தலைவலி, கண் மங்கல், திடீரென்று முகமும் கையும் வீங்குவது... இதெல்லாம் வந்தால் வாயு என்று சுக்குக் கஷாயம் வைத்துக்கொண்டு உட்காராமல், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்த அழுத்தம் பார்த்துவிடுங்கள்.

யாழ்ப்பாணத்திலும் இந்த வழக்கம் இருந்திருக்கிறது. அங்கே சுமைதாங்கிக்குப் பக்கத்தில், மாடுகள் உடம்பைத் தேய்த்துக்கொள்ள 'ஆவுரிஞ்சிக் கல்' என்று ஒன்றும் நடுவார்களாம். மாட்டின் முதுகு அரிப்பைக்கூட மறக்கவில்லை பாருங்கள்!

இன்றைக்குத் தலைச்சுமையோடு நடக்கிறவர் யார்? சாலையை அகலப்படுத்தும்போது இந்தக் கற்களைப் பெயர்த்து ஓரமாகப் போட்டுவிடுகிறார்கள். ஒன்று வாய்க்காலுக்குக் குறுக்கே பாலமாகக் கிடந்ததைக் கண்ணால் பார்த்தேன். நான் பார்த்த ஏரிக்கரைக் கல்லில் இப்போது காலையும் மாலையும் பால் கேன் வைக்கிறார்கள், வேன் வரும் வரை. உங்கள் பிறந்த ஊரிலோ புகுந்த ஊரிலோ ஒரு கல் நின்றால், பொங்கலுக்குப் போகும்போது ஈரத் துணியால் துடைத்து, எழுத்து ஏதாவது தெரிகிறதா பாருங்கள். தெரியாவிட்டால் ஊரில் வயதானவர்களைக் கேளுங்கள், அவள் பெயர் என்னவென்று.