கட்டுக்காசு போன பிறகு

2024 யூலை 4ஆம் திகதி நடந்த பொதுத் தேர்தலில் பொரஸ்ற் கேற்றில் நாங்கள் நால்வரும் முதன்முறையாக வாக்களித்தோம். ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்து, ஒரே தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் வேலை செய்பவர்கள் நாங்கள். பிரித்தானியக் குடியுரிமை எங்களில் எவருக்கும் இல்லை. ஆனால் இலங்கைக் குடிமக்கள் கொமன்வெல்த் நாட்டவர் என்பதால், இங்கே தங்கியிருக்க அனுமதி கிடைத்தவர்கள் வாக்காளர் பட்டியலில் பெயரைப் பதியலாம். புதிதாக வந்த குடும்பங்களிற் பலர் இதை அறியாமல் இருப்பதால் முதலிலேயே சொல்லி வைக்கிறோம்.

பொரஸ்ற் கேற் அடங்கிய ஸ்ராற்போர்ட் அன்ட் போ தொகுதியில் தொழிற் கட்சியின் உமா குமரன் 19,000க்கு மேற்பட்ட வாக்குகளைப் பெற்று வென்றார். எங்களைப் போல இலங்கையிலிருந்து அகதிகளாக வந்த தமிழ்ப் பெற்றோரின் பிள்ளை அவர். எங்கள் நால்வருக்கும் அன்று பெருமைதான்.

அதே தொகுதியில் பியோனா லாலி என்ற இளம்பெண்ணும் நின்றார். அவ்வாண்டு மே மாதத்திற் தொடங்கிய புரட்சிகரக் கம்யூனிஸ்ட் கட்சியைச் சேர்ந்தவர். வாக்குச்சீட்டில் சுயேட்சை என்றே பெயர் இருந்தது. அவருக்குக் கிடைத்தவை 1,791 வாக்குகள். இந்நாட்டில் வேட்பாளர் 500 பவுண் கட்டுக்காசு கட்டவேண்டும். நூற்றுக்கு ஐந்து வீதம் எடுத்தாற்தான் அது திரும்பி வரும். அவர் எடுத்தது நாலு வீதமளவில்.

எங்கள் தொழிற்சாலையில் அண்ணை ஒருவர் இருக்கிறார். நாங்கள் பிறப்பதற்கு முன்பே இந்நாட்டுக்கு வந்தவர். அந்தப் பெண்ணுக்காக வீடு வீடாகத் துண்டுப்பிரசுரம் கொடுத்தவர். தேர்தல் முடிந்து திங்கட்கிழமை வேலைக்கு வந்தவரிடம், "என்ன அண்ணை, கட்டுக்காசும் போட்டுதாமே?" என்று பகிடி பண்ணினோம்.

அவர் கோபிக்கவில்லை. "அது போகட்டும் தம்பிமார், உங்கட லீவுக் காசு வந்திட்டுதோ?" என்று கேட்டார்.

வரவில்லை. எங்களை வேலைக்கு அனுப்பும் ஏஜென்சி, விடுமுறைக்குரிய சம்பளத்தை மாதக்கணக்காகத் தராமல் இழுத்துக் கொண்டிருந்தது. ஆண்டுக்கு 5.6 கிழமைச் சம்பள விடுமுறை ஏஜென்சித் தொழிலாளிக்கும் சட்டப்படி உரியது என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தோம். கேட்டால் வேலை போய்விடுமோ, விசாவுக்கு ஏதும் பிரச்சினை வருமோ என்று பயந்து பேசாமல் இருந்தோம். அன்று தேநீர் இடைவேளையில் எங்கள் சம்பளத் துண்டுகளை வாங்கி, கணக்குப் பார்த்து, கடிதம் எழுதித் தந்தார். தோற்றுப்போன கட்சிக்காரர் என்று நாங்கள் சிரித்த மனிதர் தன் தோல்வியைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. எங்களுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

பிறகொரு நாள் அவரிடம் கேட்டோம்: "இவ்வளவு சின்னக் கட்சிக்கு ஏன் அண்ணை இந்தப் பாடு?" அவர் நாங்கள் குடியிருக்கும் இந்தப் பகுதியின் கதையைத்தான் சொன்னார்.

அந்நாளில் பொரஸ்ற் கேற் வெஸ்ற் ஹாம் நகரசபைக்குள் இருந்தது. 1892இல் வெஸ்ற் ஹாம் தெற்குத் தொகுதி, சுரங்கத் தொழிலாளியாக இருந்த கெயர் ஹார்டியைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. அடுத்த ஆண்டு அவரும் தோழர்களும் சுதந்திரத் தொழிற் கட்சியைத் தொடங்கினார்கள். 1895 தேர்தலில் அக்கட்சி 28 பேரை நிறுத்தியது. ஹார்டி உட்பட 28 பேரும் தோற்றார்கள். கட்சி முடிந்தது என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள். ஆனால் அவர்கள் தொழிற்சங்கங்களையும் நகரசபைகளையும் விட்டு விலகவில்லை. 1898இல் வெஸ்ற் ஹாம் நகரசபை தொழிலாளர் தரப்பின் கைக்கு வந்தது. இந்நாட்டில் அப்படி வந்த முதலாவது நகரசபை அதுதான். 1906இல் தொழிற் கட்சிக்கு 29 ஆசனங்கள் கிடைத்தன. 1889இல் பெக்ரன் வாயுத் தொழிலாளருக்கு எட்டு மணிநேர வேலைநாளை வென்று கொடுத்த வில் தோர்ண் அந்தத் தேர்தலில் வெஸ்ற் ஹாம் தெற்கில் வென்றார். உமா குமரனின் கட்சியின் வேர்களும் அந்தத் தோல்விக்குள் கிடந்தன.

ஆனால் தோற்ற கட்சியெல்லாம் இப்படித் தளைக்கும் என்று நாங்கள் நம்பிவிடவில்லை. எங்கள் நாட்டுக் கதை வேறு. 1935இல் தொடங்கிய லங்கா சமசமாஜக் கட்சி, 1956இல் தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்து இரு மொழிக்கும் சம அந்தஸ்துக் கேட்டது. ஒரு மொழியைத் திணித்தால் நாடு இரண்டாகும் என்று கொல்வின் ஆர். டி சில்வா எச்சரித்தார். பத்து வருடம் கழித்து, 1966 ஜனவரியில், தமிழ்மொழி ஒழுங்குவிதிகளுக்கு எதிரான ஊர்வலத்தில் அதே கட்சி நின்றது. 1970இல் கூட்டணியாக நின்று 19 ஆசனங்கள் எடுத்தது. 1972இல் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கி, பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்த அரசியலமைப்பைக் கொண்டுவந்த அமைச்சரும் அதே கொல்வின்தான். 1977இல் அக்கட்சிக்கு ஓர் ஆசனமும் கிடைக்கவில்லை. ஆசனம் போகுமுன்பே தமிழருக்குச் சொன்ன சொல் போய்விட்டது.

அக்கட்சியிலிருந்து பிரிந்த விக்கிரமபாகு கருணாரத்னவும் தோழர்களும் நவ சமசமாஜக் கட்சியை அமைத்தார்கள். தமிழரின் சுயநிர்ணய உரிமையைச் சிங்கள மக்கள் மத்தியிலேயே பேசினார்கள். 1983 யூலைக்குப் பிறகு அரசாங்கம் அக்கட்சியைத் தடை செய்தது. 2010 ஜனாதிபதித் தேர்தலில் அவர் நின்றபோது நாடு முழுவதிலும் பத்தாயிரம் வாக்குக்கூடக் கிடைக்கவில்லை. பிற்காலத்தில் அவர் எடுத்த முடிவுகள் சில எங்களுக்கு உடன்பாடானவை அல்ல. ஆனாலும் எங்கள் தேர்தல் முடிந்து மூன்று கிழமையில், 2024 யூலை 25இல், அவர் காலமான செய்தி வந்தபோது எங்கள் வீட்டில் அவரைப் பற்றித்தான் கதைத்தோம். 19 ஆசனம் எடுத்த கட்சியை நினைத்து அப்படி ஒரு நாளும் நாங்கள் வருந்தியதில்லை.

வாசகர்களே, எந்தக் கட்சியிலும் சேரும்படி உங்களைக் கேட்க நாங்கள் இதை எழுதவில்லை. நாங்கள் நால்வரும் ஒரே ஆளுக்கு வாக்களித்தவர்களும் அல்லர். கட்சி சிறிதோ பெரிதோ, தேர்தலுக்கு அடுத்த திங்கட்கிழமை அதன் ஆட்கள் எங்கே நிற்கிறார்கள், முதல்நாள் சொன்னதையே சொல்கிறார்களா என்று பாருங்கள். சொந்த நாட்டில் வாக்கும் வாக்குறுதியும் பெறுமதி இழந்ததைக் கண்டு வந்த எங்களுக்கு, இதைவிட நல்ல அளவுகோல் தெரியவில்லை.

லீவுக் காசு எங்களில் மூவருக்கு வந்துவிட்டது. நாலாமவருடையது இன்னும் வரவில்லை. அண்ணை இரண்டாவது கடிதம் எழுதிக் கொண்டிருக்கிறார். இம்முறை பக்கத்தில் இருந்து நாங்களும் எழுதப் பழகுகிறோம்.