தார்சு வீடும் அப்பத்தா தூக்கமும்

எங்க ஊர்ல இப்ப ஓட்டு வீடுன்னு தேடினா ரெண்டு மூணுதான் இருக்கும். எல்லாம் தார்சு ஆயிருச்சு, எங்க வீடும்தான். மழைக்கு ஒழுகாது, எலித் தொல்லை கிடையாது, சரி. ஆனா பங்குனி பிறந்துட்டா ராத்திரி உள்ள படுக்க முடியாது. எங்க அப்பத்தாவுக்கு எண்பது தாண்டிருச்சு. போன கோடையில தினமும் பாயைச் சுருட்டிக்கிட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போயிரும். "காத்தாடி நெருப்பைல்லப்பா கொட்டுது" என்னும். அங்க கொசு, போதாததுக்குப் பாம்பு பயம். ரெண்டு தடவை தலை சுத்தி விழப் பாத்துச்சு.

அது சொன்னது சரிதான். காங்கிரீட் தளம் பகல் பூரா வெயிலைக் குடிச்சு வச்சுக்கிட்டு, பொழுது சாஞ்ச பிறகு மெல்ல மெல்ல கீழே விடும். அதைத்தான் காத்தாடி நம்ம மேல தள்ளுது.

டவுன் கடைக்காரர் உள்ளே தெர்மாகோல் சீலிங் அடிக்கச் சொன்னார். செலவு கம்மி, வேலையும் சீக்கிரம் முடியும். தெர்மாகோல்ல பெரும்பங்கு காத்துதான், அதனால சூட்டைத் தடுக்கும். ஆனா உள்பக்கம் அடிச்சா மேலே தளம் காயுறது காயத்தான் செய்யும். பகல்ல விரிஞ்சு ராத்திரி சுருங்கி விரிசல் விடும். தீப்பட்டா உருகிச் சொட்டி எரியும். அப்பத்தா கட்டிலுக்கு மேல அது வேண்டாம்னுட்டேன். அதே இனத்துல தண்ணி குடிக்காத கெட்டிப் பலகை, எக்ஸ்பிஎஸ்னு வருது. அதைத் தளத்துக்கு மேல பரப்பி, அதுக்கு மேல சிமெண்ட் பூசினா அருமையான வேலை. எங்க கைக்கு எட்டலை.

கடைசியில பழைய முறைக்கே வந்தோம்: செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு. நாலு அங்குல கனம், மரக்கட்டையால தட்டித் தட்டி இறுக்கி, மேலே தட்டோடு பதிக்கிறது. தட்டத் தெரிஞ்ச ஆள் கிடைக்கத்தான் மாசமாச்சு. வந்த கொத்தனாருக்கு அறுபது வயசுக்கு மேல. கடுக்காய், வெல்லம் ஊறின தண்ணியைத் தெளிச்சுத் தெளிச்சுத் தட்டினார். பத்தடிக்கு ரெண்டு அங்குலம் வாட்டம் விட்டு, தண்ணி நிக்குதான்னு ஊத்திப் பாத்துட்டுதான் ஓட்டைத் தொட்டார். ஒண்ணு சொல்லணும்: இது நல்ல கனம். பழைய தளம்னா இஞ்சினியர்கிட்ட காட்டாம ஏத்தாதீங்க.

ஜல்லி சூட்டைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். வெயிலைத் திருப்பி அடிக்கிறது வெள்ளை நிறம். அதனால தட்டோட்டு மேல சுண்ணாம்பும் அடிச்சோம். கல் சுண்ணாம்பை ராத்திரி ஊறவச்சு, துணியில வடிகட்டி, அரிசிக் கஞ்சி சேர்த்து ரெண்டு கோட்டு. கண்ணுல தெறிச்சா பொல்லாதது, கண்ணாடி போட்டுக்குங்க. காசு இல்லாதவங்க இதை மட்டுமாவது செய்யலாம். மழையில கரையும், அதனால வருஷா வருஷம் மாசியில அடிக்கணும்.

இந்தச் சித்திரையில அப்பத்தா கொட்டகைப் பக்கம் போகலை. வீடு குளுகுளுன்னு ஆயிருச்சுன்னு சொல்லமாட்டேன். கரண்ட் போனா எல்லாரும் திண்ணைக்குத்தான். மேற்குச் சுவர் வேற சாயங்காலம் தொட முடியாம கொதிக்குது. அங்க நாலு கல்லுக்கால் நட்டு பீர்க்கும் புடலையும் ஏத்தி விட்டிருக்கேன். கொடி இப்பத்தான் இடுப்பு உயரம் வந்திருக்கு, ஆட்டுக்குட்டி மேயாம இருக்கணும்.