குட்டி பிரிக்கும் கைகள்

குட்டிக்கும் தாய்மரத்துக்கும் இடையில் இருக்கும் கழுத்தைப் பெரியவர் முதலில் விரலால் தடவித் தேடினார். சுற்றியிருந்த மண்ணைக் கையாலேயே விலக்கி, அலவாங்கை மெல்லக் கொடுத்து அசைத்துப் பார்த்த பிறகுதான் கவ்வாத்துக் கத்தி இறங்கியது. தேங்காய் அளவுக் குட்டி தனியே வந்தது. வெட்டுவாயில் கொழகொழப்பான பிசின் கசிந்தது. அதில் கரித்தூளை அப்பி, ஓலைகளை ஒட்ட நறுக்கி, நிழலில் வைத்தார்.

“காயம் காயாம மண்ணுக்குள்ள போனா அழுகிரும் தம்பி. ஒரு பத்து நாள் சும்மா கெடக்கட்டும்.”

பேராதனையிலிருந்து கம்பளைக்குப் போகும் வீதியோரத்துப் பூங்கன்றுத் தவறணை அது. இளமையில் தேயிலை மலையில் கவ்வாத்து வெட்டியவர் அவர். கண்டி வீடுகளின் வாசலில் சோடியாக நிற்கும் சைக்கஸ் மரங்கள் பலவும் இப்படிப் பிரித்த குட்டிகள்தான். பார்ப்பதற்குப் பனைபோல் இருந்தாலும் பனைக்கும் இதற்கும் உறவில்லை. பூவும் கனியும் இல்லாத மிகப் பழைய குலம் இது. 1896இல் ஜப்பானியத் தாவரவியலாளர் இக்கேனோ, நீந்திச் செல்லும் விந்தணுக்களை இந்த மரத்தில் கண்டறிந்தார். ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. குட்டி பொதுவாகத் தாய்மரத்தின் பாலினத்தையே கொண்டிருக்கும்.

தென் ஜப்பானின் கரையோரப் பாறைகளில் வளரும் மரத்துக்கு அடியில் நீர் தேங்கினால் ஆகாது. அதனால் அடியில் உடைந்த செங்கல், மேலே ஆற்று மணலும் இலைமக்கும் கலந்த மண், தண்டில் பாதி வெளியே தெரிய நடுகை. குருத்துக்குள் தண்ணீர் ஊற்றவே கூடாது. தொட்டி மண்ணின் மேற்பரப்பில் பவளம்போல் கிளைத்த வேர்கள் சில மேல்நோக்கி வந்திருந்தன. நோய் என்று நினைத்து இவற்றை வெட்டிவிடுகிறவர்கள் உண்டு. காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துத் தரும் நீலப்பச்சைப் பாசி குடியிருப்பது அவற்றில்தான்.

புது ஓலை விடும் வாரங்களில் தவறணையே பரபரக்கும். ஆண்டு முழுவதற்குமான ஓலை பெரும்பாலும் ஒரே தடவையில் விரிகிறது. அந்த இளந்தளிரைத் தேடிச் சிறிய நீல வண்ணத்துப்பூச்சி ஒன்று வந்து முட்டையிடுகிறது. அங்கு வேலை செய்யும் அக்கா எனக்குப் புழுவைக் காட்டவில்லை, எறும்பைக் காட்டினார். புழு சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதைக் காவல் காக்கின்றன. எறும்பு ஏறும் தளிரைப் புரட்டினால் பச்சைப் புழு ஒட்டிக்கொண்டிருக்கும். அவர் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் போட்டார். ஓலை முற்றி விறைத்துவிட்டால் புழுவுக்குப் பல் நுழையாது. அதற்குள் கவனிக்காவிட்டால் அடுத்த தளிர் வரும்வரை மரத்துக்குப் புது ஓலை இல்லை.

புது ஓலை மஞ்சளாகிச் சுருண்டு வந்தால் மங்கனீசுக் குறை. சீமெந்துச் சுவரோரம் நட்ட மரங்களில் இதைக் காணலாம். சுவரின் சுண்ணாம்பு மண்ணில் ஊறினால், மங்கனீசு இருந்தும் வேர் எடுக்க முடியாது. அங்கே மேலும் டொலமைட் சுண்ணாம்பு போடுவது பிழை.

எனக்கு ஒரு மனக்குறை. வடக்கு, கிழக்கு வறண்ட காடுகளில் இலங்கையின் சொந்தச் சைக்கஸ் இருக்கிறது. அதன் விதையைப் பலமுறை ஊறவைத்து நஞ்சு நீக்கி மாவாக்கி உண்ட மக்கள் இந்நாட்டில் உண்டு. அந்த மரத்தை இங்கே நான் காணவில்லை. காட்டிலிருந்து பிடுங்காமல், விதையிலிருந்து வளர்த்துத் தருபவர்கள் வரவேண்டும்.

நான் நிற்கும்போதே வாங்க வந்த ஒருவர் விலை அதிகம் என்றார். “ஓலைய எண்ணி வில கேக்குறாங்க, தண்டப் பாக்குறதில்ல” என்று என்னிடம் சொன்னார் பெரியவர். தண்டில்தான் உழைப்பு இருக்கிறது. உதிர்ந்த ஓலைகளின் அடிகள் அடுக்கடுக்காக நின்று மரத்தின் வயதைச் சொல்கின்றன. அத்தனை ஆண்டும் புழு பொறுக்கியவர்களுக்குக் கிடைத்தது நாட்கூலி மட்டுமே. அந்த விலை அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை.

பேரம் முடிந்து மரத்தை வண்டியில் ஏற்றும்போது, வீட்டில் நாய் இருக்கிறதா, சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று பெரியவர் சிங்களத்தில் கேட்டார். மரம் முழுதும் நஞ்சு, விதையில் இன்னும் அதிகம். சிவந்த விதை தென்பட்டால் உடனே பொறுக்கி எடுத்துவிடும்படி இரண்டு தடவை சொல்லித்தான் அனுப்பினார்.