ஆசனச் சூடு

மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதன் வேகத்தைப் பேசுவார்கள். சிக்கனக்காரர்களாக இருந்தால் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கணக்குச் சொல்வார்கள். ஆனால் சித்திரை மாதத்து மத்தியானத்தில், கடை வாசலில் அரைமணி நேரம் நின்ற வண்டியின் மேல் ஒரு மனிதன் மறுபடியும் எப்படி உட்காருவது என்கிற விஷயத்தை யாரும் எடுத்துப் பேசுவதில்லை. கௌரவக் குறைவு என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது. சுடுகிறபோது கௌரவம் எங்கே இருக்கிறது?

நான் குடியிருக்கும் மங்கலம், திருப்பூருக்கு மேற்கே நொய்யல் ஓரத்தில் இருக்கிறது. ஒரு தெருவில் விசைத்தறி இரைந்தால், அடுத்த தெருவில் தையல் மிஷின் இரையும். இங்கே மனிதரும் மூட்டையும் முக்கால்வாசி இரண்டு சக்கரத்தின் மேல்தான் போகிறார்கள். மே 4-ம் தேதி வாக்கில் கத்திரி பிறக்கும். ஜூனில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்றுப் புகுந்துவிட்டால் எங்களுக்கு விமோசனம் உண்டு. அதுவரைக்கும் கறுப்பு ரெக்ஸின் ஆசனம்தான் எங்கள் தலைவிதி.

தலைவிதி என்றா சொன்னேன்? இடம் கொஞ்சம் தவறிவிட்டது. போகட்டும்.

கறுப்பு நிறம் வெயிலை வாங்கிக்கொள்ளும் என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். காற்றில் 40 டிகிரி என்றால், நேர் வெயிலில் நிற்கும் கறுப்பு ஆசனம் 60 டிகிரியைச் சுலபமாகத் தாண்டிவிடும். உள்ளே இருக்கும் பஞ்சு நுரையோ உஷ்ணத்தைக் கீழே இறங்க விடாது. ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றித் துடைத்துவிட்டால் இந்தச் சூடு அடங்கிவிடும். அதற்குப் பிறகு வருவதுதான் பெரிய சங்கடம். நம் தோலின் வெப்பம் சுமார் 35 டிகிரி. காற்று அதைவிடச் சூடாக வீசும்போது, 'வண்டியில் போனால் காற்று வரும்' என்பது பாதி உண்மைதான். அந்தக் காற்று உஷ்ணத்தைக் கொண்டுவந்து கொடுக்கிறது. நம்மைக் காப்பாற்றுவது வியர்வை ஒன்றே. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி உஷ்ணத்தை உடம்பிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விடும். ஆனால் ரெக்ஸினுக்கும் தொடைக்கும் நடுவில் அகப்பட்ட வியர்வை எங்கே போகும்? ஊறிக்கொண்டு அங்கேயே கிடக்கும். இரண்டு கால்களுக்கும் நடுவிலிருந்து என்ஜின் வேறு தன் பங்கை அனுப்பிக்கொண்டிருக்கும்.

நம் முன்னோர் இந்தச் சங்கதியை மோட்டார் சைக்கிள் வருவதற்கு முன்பே அறிந்திருந்தார்கள். கயிற்றுக் கட்டிலைப் பாருங்கள். குமாஸ்தாக்கள் உட்கார்ந்த பிரம்பு பின்னிய நாற்காலியைப் பாருங்கள். மெத்தை இல்லை, அலங்காரம் இல்லை, இருப்பதெல்லாம் ஓட்டை! அந்த ஓட்டை வழியாகக் காற்று வந்து போயிற்று. சென்னையில் 1955-ல் புல்லட் வண்டி தலையெடுத்தது. அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் ஓட்டுகிறவருக்கென்று ஸ்பிரிங் வைத்த தனி சாடில் இருந்தது. அதன் அடியிலாவது காற்று நடமாடியது. பிறகு இரண்டு பேர், சமயத்தில் மூன்று பேர் உட்காருகிற நீள ஆசனம் வந்தது. காற்றுக்கு இடம் போயிற்று.

எங்கள் ஊரில் இதற்கு வைத்தியங்கள் பல. அட்டைப் பெட்டியைக் கிழித்து மூடி வைப்பவர்கள் உண்டு. நிறுத்தி வைக்கும் நேரத்துக்கு அது மிகவும் நல்லது. துண்டை மடித்துப் போட்டு உட்காருகிறவர்கள் உண்டு. பருத்தி வியர்வையை நன்றாகக் குடிக்கும், ஆனால் குடித்ததைச் சீக்கிரம் விடாது. அரைமணி நேரத்தில் துண்டு ஈரமாகிச் சுருண்டு, சுருக்கம் ஒவ்வொன்றும் உறுத்தும். டாக்ஸிக்காரர்களைப் போல மணி கோத்த விரிப்புப் போட்டவரையும் பார்த்திருக்கிறேன். மேல்நாட்டில் நெடுந்தூரம் போகிறவர்கள் ரோமத்தோடு கூடிய ஆட்டுத்தோலைப் போடுகிறார்கள். கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் ரோமத்துக்கு நடுவே காற்று தங்குகிறது, ஈரத்தையும் அது வாங்கி விடுகிறது. 'ஜெல்' என்று குளுகுளுவென்ற ஒரு மெத்தை விற்கிறார்கள். நிழலில் அது இந்திரன் சிம்மாசனம். வெயிலில் நிறுத்திவிட்டு வந்தால் தோசைக்கல்.

இதெல்லாம் சௌகரியம் தேடுகிறவனின் வேடிக்கைப் பேச்சு என்று நினைக்க வேண்டாம். பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் பழைய டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியில், வெட்டிய பனியன் பீஸ் மூட்டைகளைத் தையல் நடக்கும் இடங்களுக்குக் கொண்டுபோய்ப் போடுகிறவன். நடைக்கு இவ்வளவு என்று கூலி; சனிக்கிழமை சம்பளம். போன கோடையில் அவன் ஆசனத்தின் ஓரத்தில் ஒருக்களித்து உட்கார்ந்து, முன்னும் பின்னும் மூட்டையோடு பாலத்தின் மேல் போவதைப் பார்த்தேன். பின்னால் ஒரு லாரி. வண்டி ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போயிற்று. எனக்கு மூச்சு நின்றுவிட்டது.

சாயங்காலம் விசாரித்தேன். உட்காரும் இடத்தில் சூட்டுக் கட்டி. வேர்க்குருவாக ஆரம்பித்தது உராய்ந்து உராய்ந்து சீழ் பிடித்துவிட்டது. டாக்டர் பத்து நாள் வண்டி ஏறக்கூடாது என்றாராம்.

"ஏனுங்கண்ணா, பத்து நாள் உக்காராம இருந்தா ஊட்டுல அடுப்பு எப்படிங்க எரியும்? கொஞ்சம் தள்ளி உக்காந்து ஓட்டிக்கறனுங்க" என்றான்.

தள்ளி உட்காருவதற்கு அந்த ஆசனத்தில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று யாருக்குத் தெரியாது?

இதற்கு மருந்து எங்கள் தொழிலிலேயே இருக்கிறது என்பதுதான் விசித்திரம். பின்னல் துணியில் ஒரு ஜாதி உண்டு. மேலே ஒரு வலை, கீழே ஒரு வலை. நடுவில் தடித்த செயற்கை இழைகள் தூண்களைப் போல நின்று இரண்டையும் ஒட்டவிடாமல் தாங்கும். நம் பனியன் துணியைப் பின்னும் வட்ட மிஷினில் இதைப் பின்னுவதில்லை. பெரும்பாலும் ராஷல் என்னும் வேறு வகை மிஷினில் பின்னுகிறார்கள். முதுகில் மாட்டும் பைகளிலும் ஷூக்களிலும் இந்த வலைத்துணியைப் பார்த்திருப்பீர்கள். இதில் தைத்த உறையை ஆசனத்தின் மேல் இழுத்துக் கட்டினால், உடம்புக்கும் ரெக்ஸினுக்கும் நடுவில் ஒரு விரல் கனத்துக்குக் காற்று ஓடும். கயிற்றுக் கட்டில்தான், வேறொன்றும் இல்லை!

ஒரு வாரம் அவன் நடையை அவன் மாமன் மகன் பார்த்துக்கொண்டான், பாதிக் கூலிக்கு. அதற்குள் நான் திருப்பூரில் ஒரு உறை வாங்கி வந்தேன். பையன் பணம் கொடுக்காமல் வாங்கமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தான். இரண்டு சனிக்கிழமைகளில் கொடுத்தும்விட்டான். கட்டுகிறபோது மட்டும் பக்கத்தில் நின்று பார்த்தேன். நாடா தளர்ந்திருந்தால் பிரேக் போடும்போது உறை முன்னால் வழுக்கும். மூட்டையோடு அது ஆபத்து. இறுக்கி முடிச்சுப் போட்டோம். டெரிகாட்டன் உள்ளாடையை விட்டுவிட்டு, தையல் உறுத்தாத மெல்லிய பருத்தியில் போட்டுக்கொள்ளும்படியும் சொன்னேன். ஊரெல்லாம் பனியனும் ஜட்டியும் தைக்கிற இடத்தில் அதற்கா பஞ்சம்?

கட்டி ஆறிவிட்டது. இப்போது நேராக உட்கார்ந்து போகிறான். ஆனால் அந்த உறைக்கும் ஒரு குறை உண்டு: மழை பெய்தால் தண்ணீரை உள்ளே வைத்துக்கொண்டு, உட்கார்ந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். ஜூனில் முதல் தூற்றல் விழுந்த அன்றே கழற்றி, அலசிக் கொடியில் போட்டுவிட்டான்.