புகைக்குப் பின்னால் நின்ற கோட்டை

டோக்கியோவிலிருந்து கொரியாமா வரை புல்லட் ரயில். அங்கே உள்ளூர் ரயிலுக்கு மாறி, மலைகளுக்கு நடுவே போனால் ஐசு வகமட்சு நகரம் வந்துவிடும். ஜப்பானியர்களுக்கு இது சாமுராய்களின் கடைசிக் கதை நடந்த ஊர்.

1868-ல் ஜப்பான் இரண்டாகப் பிளந்தது. இரண்டரை நூற்றாண்டுக்கும் மேலாக நாட்டை ஆண்ட ஷோகுன் ஆட்சி சரிந்து, அதிகாரம் பேரரசர் பெயருக்கு மாறியது. ஷோகுனுக்கு விசுவாசமாக இருந்த ஐசு, ஒரே நாளில் 'அரசின் எதிரி' ஆனது. புதிய அரசின் படை ஊரை நோக்கி வந்தது.

பெரியவர்கள் எல்லைகளில் போரிட, 16, 17 வயதுப் பையன்களைக் கொண்டு 'வெள்ளைப் புலிப் படை' அமைத்தார்கள். அதில் ஒரு பிரிவு போரில் தோற்று, மழையில் நனைந்து, பசியோடு ஈமோரி குன்றுக்கு வந்து சேர்ந்தது. பாசனக் கால்வாயின் சுரங்கப்பாதை வழியே ஊர்ந்து வெளியே வந்த 20 பேரும் ஊரைப் பார்த்தார்கள். எங்கும் புகை.

'கோட்டை விழுந்துவிட்டது' என்று நினைத்து அங்கேயே உயிரை விட்டார்கள் என்பது காலங்காலமாகச் சொல்லப்படும் கதை. ஆனால் எரிந்தது ஊர்தான். கோட்டை விழவில்லை. அதற்குப் பிறகும் சுமார் ஒரு மாதம் தாக்குப்பிடித்தது.

அந்தக் கோட்டைக்குள் 22 வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். பெயர் யாயே. கூந்தலை வெட்டிக்கொண்டு, போரில் இறந்த தம்பியின் உடையை அணிந்து, துப்பாக்கியோடு நின்றாள். தோல்விக்குப் பிறகும் வாழ்ந்தாள். பின்னாளில் செவிலியராகப் போர்க் காயம் பட்டவர்களுக்குப் பணி செய்தாள். 2013-ல் என்.ஹெச்.கே தொலைக்காட்சி அவள் வாழ்க்கையை வருடம் முழுக்கத் தொடராக ஒளிபரப்பியது.

குன்றில் விழுந்த 20 பேரில் ஒருவன் மட்டும் பிழைத்தான். ஈனுமா சடாகிச்சி. தந்தித் துறையில் வேலை பார்த்து 1931 வரை வாழ்ந்தார். பல வருடங்கள் அந்த நாளைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

இன்று ஈமோரி குன்றில் 19 கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. ஊதுவத்திப் புகை ஓய்வதில்லை. ஈனுமாவின் கல்லறையும் அதே குன்றில்தான். ஆனால் சற்றுத் தள்ளி, தனியாக.

குண்டுகளால் சிதைந்த கோட்டையை 1874-ல் இடித்துவிட்டார்கள். இப்போது நிற்பது 1965-ல் கட்டியது. 2011-ல் பழையபடி செந்நிற ஓடு வேய்ந்தார்கள். உள்ளே அருங்காட்சியகம், வசந்தத்தில் சுற்றிலும் செர்ரிப் பூக்கள்.

ஊருக்குப் போகிறவர்கள் முதலில் குன்றில் ஏறுங்கள். நெற்றியில் கை வைத்துத் தூரத்தைப் பார்க்கும் ஒரு பையனின் சிலை அங்கே இருக்கிறது. அவன் பார்க்கும் திசையிலேயே பாருங்கள். சுமார் 3 கிலோமீட்டர் தள்ளி, கட்டடங்களுக்கு நடுவே, கோட்டை சின்னதாகத் தெரியும்.